கிரேக்கக் கடவுள்கள் எங்கே போனார்கள்?

(மயிலாப்பூரில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கிரேக்க தேசத்துப் பழைய கடவுள்களைப் பற்றியதாகும். இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், "மாட வீதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கிரேக்கச் சாமியைப் பற்றி என்ன பேச்சு? உள்ளூர்ச் சாமியைத் தொடப் பயந்து வெளியூர்ச் சாமியைப் பிடித்துக்கொண்டீர்களா?" என்று கேட்டார். அப்படியல்ல தோழர்களே! ஒருவன் முதுகு அவனுக்குத் தெரியாது. அடுத்தவன் முதுகு நன்றாகத் தெரியும். அடுத்தவன் முதுகைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு, "நம்முடையதும் இப்படித்தான் இருக்குமோ?" என்று ஒரு சந்தேகம் வருமானால், அந்தச் சந்தேகந்தான் பகுத்தறிவின் முதல் படி. அதற்காகவே இந்தக் கிரேக்கச் சங்கதியை எடுத்துக்கொண்டோம்.

மேலும், கிரேக்கர் நமக்கு அந்நியரும் அல்லர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் டாலமி என்ற பூகோள ஆசிரியர் எழுதி வைத்த துறைமுகங்களில் "மலியார்பா" என்பது இந்த மயிலாப்பூர்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றார்கள். யவனர் என்று நம் பழந்தமிழ்ப் பாட்டுகளில் வருகின்றவர்களும் இவர்களைச் சேர்ந்தவர்களே. அவர்கள் மிளகு வாங்க வந்தார்கள். பொன் கொடுத்துப் போனார்கள். அவர்களுடைய கோயிலைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் கப்பல் ஏறவும் வேண்டாம். என்.எஸ்.சி. போஸ் சாலையிலே 1850ல் திறக்கப்பட்ட பச்சையப்பன் மண்டபம் இருக்கின்றதே, அது ஏதென்ஸ் நகரத்தில் உள்ள தீசியஸ் கோயிலை மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது. அந்தக் கோயிலைத் தீசியஸ் என்ற வீரனுடையது என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். பிறகு ஆராய்ச்சி செய்தவர்கள், அது கொல்லர்களின் கடவுளான ஹெபாய்ஸ்டஸ் கோயில் என்று முடிவு கட்டினார்கள். பார்த்தீர்களா? குடியிருந்த சாமி வாய் திறந்து, "இது என் வீடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்குமா?

நிற்க. கிரேக்கர்களுக்கு முக்கியமான கடவுள்கள் பன்னிரண்டு பேர். இவர்கள் ஒலிம்பஸ் என்ற மலையின் உச்சியில் குடியிருந்தார்கள் என்பது நம்பிக்கை. தலைவர் ஜீயஸ், ஆயுதம் இடி. அவர் மனைவி ஹீரா. தொழில், புருஷனைச் சந்தேகித்துக் கண்காணிப்பது. கடலுக்கு ஒருவர், சண்டைக்கு ஒருவர், காதலுக்கு ஒருத்தி, கள்ளுக்கு ஒருவர், படிப்புக்கும் யுத்தத்துக்கும் சேர்த்து ஒருத்தி என்று இலாகா பிரித்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கடவுள்களும் படைக்க ஒருவர், காக்க ஒருவர், அழிக்க ஒருவர், பணத்துக்கு ஒருத்தி, படிப்புக்கு ஒருத்தி என்று இலாகா பிரித்துக்கொண்டவர்கள்தாமே!

இவர்கள் பிறந்த வரலாறு எப்படி? ஜீயஸின் தகப்பன் குரோனஸ், தன் பிள்ளைகள் தன்னைக் கவிழ்த்து விடுவார்கள் என்று பயந்து, பிறக்கப் பிறக்க விழுங்கினான். தாய் ஜீயஸை மறைத்து வைத்து, ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள், அதையும் விழுங்கினான். ஜீயஸ் வளர்ந்து வந்து, விழுங்கிய எல்லோரையும் கக்க வைத்தான். அத்தீனா என்ற பெண் கடவுள் ஜீயஸின் மண்டையைப் பிளந்துகொண்டு கவசத்தோடு வெளியே வந்தாள். டயோனிசஸ் தொடையிலிருந்து பிறந்தான். இவற்றைக் கேட்டு நீங்கள் சிரிக்கின்றீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இதே தெருவில், பிரமனுக்கு இருந்த ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எடுத்துக் கபாலத்தைக் கையில் வைத்துக்கொண்டதால் கபாலி ஆனார் என்று சொன்னால், ஏன் சிரிப்பு வராமல் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகின்றது? மண்டையிலிருந்து பெண் பிறப்பது பொய்யானால், நான்முகனும் ஐந்தாம் தலையும் மட்டும் எப்படி மெய்யாகும்? இதைத்தான் நாம் கேட்கின்றோம்.

ஆறாயிரம் வருஷம் அல்ல, அறுபதாயிரம் வருஷம் அந்த மலைமேல் கடவுள் இருக்கின்றார் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், மேலே யாரும் ஏறாத வரையில்! 1913ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சுவிட்ஜர்லாந்துக்காரர் இருவரும், வழிகாட்டியாகப் போன கிரேக்க வேட்டைக்காரர் ஒருவரும் ஒலிம்பஸின் மிக உயர்ந்த சிகரத்தில் ஏறி நின்றார்கள். உயரம் 2,917 மீட்டர். அங்கே அரண்மனை இல்லை, அமுதம் இல்லை, ஜீயஸ் இல்லை, பாறையும் மூடுபனியுந்தான் இருந்தன.

இனி, இக்கடவுள்களின் நடத்தையைப் பார்ப்போம். ஆம்பிட்ரியோன் என்ற வீரன் யுத்தத்திற்குப் போயிருந்த சமயம் பார்த்து, ஜீயஸ் அவனைப் போலவே உருவம் எடுத்து, அவன் மனைவி அல்க்மீனியிடம் வந்தான். அந்த ஒரு இரவை மூன்று இரவாக நீட்டிக்கொண்டான். அவளுக்குப் பிறந்தவன்தான் ஹெராக்ளீஸ் என்ற மகா வீரன். இந்தக் கதையை நாம் சொல்லும்போதே உங்களில் பாதிப் பேர் வாய்க்குள் "அகலிகை" என்று முணுமுணுத்தது நமக்குக் கேட்டது! கௌதமன் வெளியே போன சமயம் பார்த்து, அவன் உருவில் இந்திரன் வந்த கதைதானே அது? அங்கே இடியை ஆயுதமாக உடைய தேவராஜன். இங்கே வச்சிரத்தை ஆயுதமாக உடைய தேவராஜன். ஒரே புத்தி! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அல்க்மீனி தன் புருஷனோடு குடித்தனம் செய்தாள். இங்கேயோ, ஏமாற்றப்பட்டவள் கல்லாய்க் கிடந்தாள். ஏமாற்றியவன் உடம்பெல்லாம் கண்ணோடு மறுபடி சிம்மாசனத்தில் உட்கார்ந்தான்.

இதில் கிரேக்கரையும் நாம் உயர்த்திப் பேசவில்லை. கலிஸ்டோ என்ற பெண்ணை ஜீயஸ் கெடுத்தபோது, தண்டனையாகக் கரடி ஆக்கப்பட்டவள் அந்தப் பெண்தான். ஐயோ என்பவள் பசுவாகி, ஈ கடித்துத் துரத்தத் தேசம் தேசமாக ஓடினாள். கப்பல் போகக் காற்று வேண்டும் என்பதற்காக அகமெம்னன் என்ற ராஜா தன் சொந்த மகள் இபிஜீனியாவைப் பலிபீடத்தில் ஏற்றினான். எந்தத் தேசமானாலும், ஆண்கள் எழுதிய புராணத்தில் கடவுள் செய்த குற்றத்துக்குப் பெண்ணே அபராதம் கட்டியிருக்கின்றாள்.

"அது கதைதானே, கதையால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் உண்டு. பிளேட்டோ எழுதிய ஒரு சம்பாஷணையில் யூதிப்ரோ என்ற மனிதன் தன் தகப்பன்மேல் வழக்குத் தொடுக்க வருகின்றான். "இது சரியா?" என்று சாக்கரட்டீஸ் கேட்க, "ஜீயஸே தன் தகப்பனைக் கட்டிப் போடவில்லையா?" என்று கடவுளைச் சாட்சிக்கு இழுக்கின்றான். இப்படிப்பட்ட கதைகளைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது என்று பிளேட்டோ எழுதினார். அவர் நாஸ்திகர் அல்லர். அவரே அப்படிச் சொன்னார்!

நம் நாட்டில் என்ன நடந்தது? சாமிக்குப் பெண் வேண்டும் என்று சொல்லி, அறியாத சிறு பெண்களுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டினார்கள். சாமி அவளோடு குடித்தனம் செய்தாரா? பணமும் நிலமும் உடைய மனிதர்கள்தாம் செய்தார்கள். சாமி பெயருக்கு மாப்பிள்ளை! இதை ஒழிக்க வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையில் வாதாடியபோது, தெய்வீகக் கைங்கரியம் என்றும், சாஸ்திர சம்மதம் என்றும் படித்த பெரியோர்களே எதிர்த்தார்கள். தப்பி வந்த பெண்களுக்குத் தங்க இடம் இல்லாதபடியால் அம்மையார் 1930ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அது இன்றும் அடையாற்றில் இருக்கின்றது. சட்டமோ 1947ல்தான் வந்தது. ஒரு கதையைப் பொய் என்று ஒப்புக்கொள்ளத் தயங்கியதற்கு எத்தனை தலைமுறைப் பெண்கள் விலை கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் படித்தவர்கள் ஒரு சமாதானம் சொல்லுவார்கள். "ஐயா, இவையெல்லாம் வெளிக்கதை, உள்ளே தத்துவம் இருக்கின்றது" என்பார்கள். இந்தச் சமாதானமும் புதிதல்ல. 2,500 வருஷங்களுக்கு முன்பே தியாஜினிஸ் என்ற கிரேக்கர், ஹோமர் காவியத்தில் கடவுள்கள் போடும் சண்டை நெருப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள பகையைக் குறிப்பது என்று வியாக்கியானம் செய்தார். பின்னால் வந்தவர்கள் ஹீரா என்றால் காற்று என்றார்கள். கதை நாறத் தொடங்கும்போதுதான் தத்துவம் என்ற சந்தனம் பூசப்படுகின்றது என்பதே நமது அபிப்பிராயம். காற்றுக்கு எதற்குப் புருஷன்மேல் சந்தேகம்? நெருப்புக்கு எதற்கு நூறு மாடு பலி?

தத்துவத்தை உலகத்துக்கெல்லாம் மொத்தமாகப் பிழிந்து கொடுக்க வந்த சங்கம் ஒன்று நம் அடையாற்றிலேயே இருக்கின்றது. பிரம்மஞான சங்கம் என்பது அது. 1875ல் நியூயார்க்கில் தோன்றி, 1882ல் அடையாற்றுக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பெயரே கடவுள், ஞானம் என்ற இரண்டு கிரேக்க வார்த்தைகளைச் சேர்த்துச் செய்ததுதான். அச்சங்கத்தாரில் சிலர், உலக குரு பிறக்கப் போகின்றார் என்று சொல்லி, 1909ல் அடையாற்றங்கரையில் கண்ட ஒரு சிறு பையனை அதற்குத் தயார் செய்தார்கள். அவருக்காக ஒரு தனிச் சங்கமே நடந்தது. அந்தப் பையன்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1929ல் அவர் என்ன செய்தார்? ஆயிரக்கணக்கான பேர் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து, நமக்குச் சீடர்கள் வேண்டாம் என்று அந்தச் சங்கத்தையே கலைத்து விட்டார். கிரேக்க வீரர் அலெக்சாந்தரைப் பாருங்கள். கி.மு. 331ல் எகிப்துப் பாலைவனத்துக் கோயிலுக்குப் போய், கடவுளின் பிள்ளை என்ற பட்டத்தோடு திரும்பினார். எட்டு வருஷத்தில் ஜுரம் கண்டு, முப்பத்திரண்டு வயதில் செத்தார். கடவுளாக ஆக்கப் பார்த்தபோது மாட்டேன் என்று சொன்ன அடையாற்றுப் பையன், அந்த ஒரு விஷயத்தில் உலகத்தை ஜெயித்த அலெக்சாந்தரைக் காட்டிலும் வீரர் என்று நாம் சொல்லுவோம்.

சரி, அந்தக் கடவுள்கள் எங்கே போனார்கள்? ஏதென்ஸில் அத்தீனாவுக்குப் பார்த்தினான் என்ற மாபெரும் கோயில் கி.மு. 447ல் தொடங்கிக் கட்டினார்கள். உள்ளே இருந்த சிலைக்குப் போர்த்திய தங்கம் மாத்திரம் சுமார் ஆயிரம் கிலோவுக்கு மேல். கோயிலைக் கட்டுவித்த பெரிகிளீஸ் புத்திசாலி. "யுத்தத்தில் பணமுடை வந்தால் அந்தத் தங்கத்தைக் கழற்றிக்கொள்ளலாம், பிறகு திருப்பி வைக்க வேண்டியது" என்று ஜனங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். பின்னால் ஒரு சர்வாதிகாரி அப்படியே கழற்றிச் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுத்தான். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. கி.பி. 391, 392ல் தியோடோசியஸ் சக்கரவர்த்தி பழைய பூஜைகளையும் பலிகளையும் சட்டம் போட்டுத் தடுத்தார். ஜீயஸ் ஒரு சிறு இடிகூட இடிக்கவில்லை. அத்தீனா கோயில் மாதா கோயில் ஆயிற்று; பிறகு மசூதி ஆயிற்று; துருக்கியர் அதில் வெடிமருந்து வைத்திருந்தபோது, 1687ல் வெனிஸ் படையின் பீரங்கிக் குண்டு விழுந்து வெடித்தது. மிச்சம் இருந்த சிற்பங்களில் பாதியை ஒரு ஆங்கிலப் பிரபு பெயர்த்துக்கொண்டு போக, 1816 முதல் அவை லண்டன் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. இங்கேயும் என்ன? பழைய கபாலீஸ்வரர் கோயில் கடற்கரையோரம் இருந்ததென்றும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்தபடியால் இப்போதுள்ள இடத்தில் மறுபடி கட்டினார்கள் என்றும் சரித்திரக்காரர் சொல்லுகின்றார்கள். கடவுள் தம் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டதாக எந்தத் தேசத்துச் சரித்திரத்திலும் இல்லை. மனிதன்தான் இடிக்கின்றான், மனிதன்தான் கட்டுகின்றான்.

ஆனால் ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. கிரேக்கக் கடவுள்கள் பகுத்தறிவால் ஒழியவில்லை. அரசன் உத்தரவால் ஒரு கடவுள் போய் இன்னொரு கடவுள் வந்தார், அவ்வளவுதான். உத்தரவு போட்டு ஒழித்தால், நாளைக்கு வேறொருவன் உத்தரவு போட்டுக் கொண்டு வருவான். ஆகவேதான் நாம் ஒரு செங்கல்லைத் தொடவும் சொல்லவில்லை. உங்கள் புத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுகின்றோம்.

கடைசியாக, நம் மனதை மிகவும் உறுத்துகின்ற ஒரு விஷயம். ஹோமரின் இலியத் என்ற காவியம் ஒரு கொள்ளைநோயோடு தொடங்குகின்றது. தன் பூசாரியை அவமதித்தார்கள் என்று கோபித்து, அப்போலோ என்ற கடவுள் ஒன்பது நாள் அம்பு விடுகின்றான்; படைவீரர் செத்துச் செத்து விழுகின்றார்கள். நோயை அனுப்புகின்றவனும் அவனே; காணிக்கை கொடுத்தால் தீர்க்கின்றவனும் அவனே! இது நமக்குத் தெரியாத வியாபாரமா? நம் ஊரில் அம்மை போடுகின்றவளும் மாரியம்மன், இறக்குகின்றவளும் மாரியம்மன்.

நமது பாட்டி அந்த நம்பிக்கையில் வாழ்ந்தவர். அவர் முகமெல்லாம் வடு. அவருடைய குழந்தைகளில் இருவர் பெரியம்மையில் போய் விட்டார்கள். அம்மை குத்துகின்றவர் ஊருக்குள் வந்த அன்று, "ஆத்தாவுக்கு ஆகாது" என்று பயந்து பிள்ளைகளை வைக்கோற்போரில் ஒளித்து வைத்ததாக அவரே நம்மிடம் சொல்லியிருக்கின்றார். சொல்லிவிட்டு, "ஆத்தா எடுத்துக்கிட்டா" என்பார். சற்று நேரம் கழித்து, "நான் ஒளிக்காம இருந்திருக்கலாம்" என்பார். நமக்குப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் நாம் பகுத்தறிவுப் புத்தகங்களைத் தேடிப் போனதற்குக் காரணம் அந்த இரண்டாவது வாக்கியந்தான்.

கி.மு. 430ல் ஏதென்ஸில் ஒரு கொள்ளைநோய் வந்தது. அந்த நோயில் விழுந்து பிழைத்த துசிடிடீஸ் என்பவர் அதை எழுதி வைத்தார். கோயிலில் வேண்டியதும் பயன்படவில்லை, குறி கேட்டதும் பயன்படவில்லை, பக்தனும் செத்தான், பக்தி இல்லாதவனும் செத்தான் என்று கண்டதைக் கண்டபடி எழுதினார். அதோடு, ஒரு முறை வந்து பிழைத்தவனை அந்த நோய் மறுபடி கொல்லவில்லை என்பதையும் குறித்து வைத்தார். இதைக் கவனியுங்கள் தோழர்களே! அம்மை குத்துவதின் ரகசியமே இதுதான். லேசாக ஒரு முறை உடம்புக்குப் பழக்கிவிட்டால், பெரிதாக வந்து கொல்லாது. கடவுளைப் பார்ப்பதை விட்டு நோயாளியைப் பார்த்தவன் கண்ட சங்கதி இது. அதே காலத்துக் கிரேக்க வைத்தியர்கள், "தெய்வ நோய்" என்று பெயர் பெற்ற காக்காய் வலிப்பும் மற்ற நோய்களைப் போல ஒரு நோய்தான், காரணம் தெரியாதவர்கள் தெய்வத்தின்மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளுகின்றார்கள் என்று எழுதினார்கள்.

இந்தக் கண் கொண்டு பார்த்ததின் பலன் என்ன? 1796ல் ஜென்னர் பசு அம்மைப் பாலைக் குத்தினார். 1899ல் நிறுவப்பட்ட நம் கிண்டி கிங் நிலையத்திலும் அம்மைப் பால் தயாராயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படுகின்ற பெரியம்மை, இந்தியாவில் 1975ல் கடைசியாகக் காணப்பட்டது. 1980ல் உலகத்திலேயே ஒழிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. எத்தனையோ நூற்றாண்டுக் கூழும் தீச்சட்டியும் செய்யாததை ஒரு சிறு ஊசி செய்தது. அந்த வகையில் அம்மனுக்கு உத்தியோகம் போய் விட்டது. உண்டியல் மட்டும் போகவில்லை!

அப்போலோவின் கதியையும் பாருங்கள். இன்று சென்னையில் அவர் பெயர் ஒரு ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையில் இருக்கின்றது. அதற்குள் போகின்றவர்கள் அப்போலோவைத் தேடியா போகின்றார்கள்? டாக்டரைத் தேடிப் போகின்றார்கள். கடவுள் பெயராய் மிஞ்சினார். வேலையை மனிதன் எடுத்துக்கொண்டான். இதுவே எல்லாக் கடவுள்களுக்கும் நேரும் முடிவு. இதில் யாருக்கும் வருத்தம் வேண்டியதில்லை. கிரேக்கர் இன்றும் தங்கள் பழைய கதைகளைப் படிக்கின்றார்கள், நாடகம் ஆடுகின்றார்கள், சிலைகளைப் பார்த்துக் கைவேலையை மெச்சுகின்றார்கள். ஆனால் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் ஜீயஸுக்கு மாடு வெட்டிக்கொண்டு உட்காருவதில்லை.

நாமோ, தட்டம்மையோ சின்னம்மையோ கண்டவுடன் இன்னும் வாசலில் வேப்பிலை செருகி, "வைத்தியரைக் கூப்பிட்டால் அம்மன் கோபிப்பாள்" என்று மூன்று நாள் காத்திருக்கின்றோம். தட்டம்மை முற்றிக் கபவாதமாகிக் குழந்தைகள் சாகின்றன. வேப்பிலை செருக வேண்டுமானால் செருகிக்கொள்ளுங்கள். அதற்காக நாம் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதே நாழிகையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போடும் தேதி வந்தால் ஒளிக்காதீர்கள்.

எருமைக்குக் கையும் தூரிகையும் இருந்தால் தன் கடவுளை எருமையாகத்தான் வரையும் என்ற கருத்தில் ஜினோபனிஸ் என்ற கிரேக்கர் 2,500 வருஷங்களுக்கு முன் சொல்லிப் போனார். அவர் ஊரார் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. நாம் இன்றைக்குச் சொல்லுவதையும் நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நம்பி விடாதீர்கள். வீட்டுக்குப் போய், இரண்டு தேசத்துக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். அது பொய்யானால் இதுவும் பொய். இது மெய்யானால் அதுவும் மெய். இரண்டில் எது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.